கிழக்கு ஜன்னலுக்குக் கீழே

ஜனவரி 7

இந்த நோட்டு சாட்சிக்காக மட்டும். கால்நடைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், பெயர் பொன்னுரங்கம். தேதி போட்டு எழுதிவைக்காத எதுவும் விசாரணையில் நிற்காது என்பது எனக்குத் தெரியும். மாடு வைத்திருப்பவர்கள் வாயால் சொல்லும் தேதியை நம்பக் கூடாது என்பதும் தெரியும். மாடு பருவத்துக்கு வந்து மூன்று நாள் ஆகியிருக்கும், "நேத்து சாயந்தரம்தான் கத்துச்சுங்க" என்று சத்தியம் பண்ணுவார்கள். ஊசி போட்டுச் சினை பிடிக்காவிட்டால் பழி மட்டும் நம் தலையில்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கல்மட்டம் குடியிருப்புக்குள் ஒரு காட்டுமாடு வந்து போகிறது. கோத்தகிரிப் பக்கம் காட்டுமாடு புதிதில்லை. தேயிலைக்குள் கூட்டமாக மேயும், ஆளைக் கண்டால் ஒதுங்கிவிடும். இது அப்படியில்லை. கூட்டத்தை விட்டுப் பிரிந்த தனி ஆண், ஒற்றையன். ஆறடி உயரம், கரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே காலுறை மாட்டியதுபோல வெள்ளை. இடது கொம்பின் நுனி உடைந்திருக்கிறது. விடிந்ததும் வருகிறது, வெயில் ஏறுமுன் போகிறது. ஆளைப் பார்த்தாலும் நகர்வதில்லை.

ஒரு காட்டு மிருகத்துக்குப் பயம் தானாக விட்டுப் போகாது. யாரோ பழக்குகிறார்கள். அது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

என் மனைவி சகுந்தலா மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு போயிருக்கிறாள், மார்ச் வரை வரமாட்டாள். தொந்தரவில்லாமல் கவனிக்கலாம். கிழக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டுவிட்டேன். ஜன்னலுக்குக் கீழே மூன்றடி அகலத்துக்குச் சிமெண்டுத் தளம். அதைத் தாண்டி சகுந்தலாவின் ரோஜாப் பாத்தி. அப்புறம் வேலி, பேருக்குத்தான், இரண்டு இடத்தில் சாய்ந்து கிடக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் சரிவில் செவனம்மாவின் வீடும் மாட்டுக் கொட்டகையும்.

காலை 6.20. வேலிக்கு வெளியே, ஜன்னலிலிருந்து சுமார் அறுபது அடி.

ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றி, வழக்கம்போல இரண்டு கை தாது உப்பு தூவினேன்.

ஜனவரி 8

6.35. ஐம்பத்தைந்து அடி. செவனம்மா கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரட்டவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 11

செவனம்மாவைப் பற்றி எழுதிவிட வேண்டும். ஐம்பது வயது இருக்கும். சிலோனிலிருந்து வந்த குடும்பம். பகலில் தேயிலை பறிக்கிறாள், காலையும் மாலையும் ஒரு ஜெர்சிக் கலப்பு மாட்டைக் கறந்து குடியிருப்புக்கு ஊற்றுகிறாள். புருஷன் இல்லை. மாட்டின் பெயர் பவுனு. இப்போது நிறைசினை, கறவை வற்றியிருக்கிறது. அந்த மாடு ஒன்றுதான் அவளுக்கு எல்லாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் சொல்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

இன்று போய்ப் பார்த்தேன். டாக்டரய்யா என்று எழுந்து நின்றாள். நான் டாக்டர் இல்லை, ஆய்வாளர்தான். திருத்திக்கொண்டிருக்க நேரமில்லை.

மாட்டின் மடியையும் பின்பக்கத் தசைநாரையும் பார்த்தேன். இன்னும் ஒரு மாதத்தில் ஈனும். அப்படியானால் சினை பிடித்தது போன மே மாதம். ஒற்றையன் முதலில் தென்பட்டது எப்போது? குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப்பில் தேடிப் பார்த்தேன். முதல் படம் மே 2. நாங்கள் ஏப்ரல் 12 அன்று குடிவந்தோம், அதனால் அந்தப் படம் வந்தது எனக்கே நினைவிருக்கிறது.

கணக்கு சரியாக உட்காருகிறது. ஊசிக்காரரைக் கூப்பிட அலுத்துக்கொண்டு காட்டு ஆணுக்கு மாட்டை விட்டிருக்கிறாள். என் பணிக்காலத்தில் இதுபோல எத்தனையோ திருட்டுச் சினை பார்த்தவன் நான். ஒருமுறை ருசி கண்ட ஆண் அந்த இடத்தை விடாது.

கிளம்பும்போது அவள், மாடு சுவரை நக்குகிறது, கந்தல் துணியைத் தின்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாள். தாது உப்புக் குறைவு, ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிப் போடு என்றேன். "ஒங்ககிட்ட மூட்ட இருக்குதாமே டாக்டரய்யா, ரெண்டு கை தந்தாப் போதும்" என்றாள். யார் சொன்னார்களோ. ஓய்வு பெறும்போது கிடங்கில் காலாவதியாகிக் குழியில் கொட்டச் சொன்ன சரக்கு அது. வீணாகப் போவானேன் என்று இரண்டு மூட்டை கொண்டுவந்தேன், செடிக்கு நல்ல எரு. காலாவதியான சரக்கை மாட்டுக்குக் கொடுப்பது விதிப்படி தவறு. அதைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ரோஜா நன்றாகப் பூக்கிறது. இரண்டு கை.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். செவனம்மா பவுனுவைக் குளிப்பாட்டி, கொம்புக்கு நீலம் அடித்து, கழுத்தில் பலூன் கட்டியிருந்தாள். எட்டு மணிக்கு ஒரு வாழையிலையில் பொங்கலும் பழமும் எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். காட்டைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கையும் களவுமாக என்று இதைத்தான் சொல்வார்கள். செல்போனில் படம் எடுத்துவிட்டேன். நேரம் 8.04.

குறிப்பு: ஒற்றையன் அந்த இலையைத் தொடவில்லை. மதியம் காக்கைகள் தின்றன. இருந்தாலும் எண்ணம் என்ன என்பதுதான் முக்கியம்.

ஜனவரி 19

ரோஜாப் பாத்தியில் மண்ணைக் காணோம். இரண்டு செடிகளுக்கடியில் கிண்ணம்போலக் குழிந்திருக்கிறது. யாரோ தொட்டிச் செடிக்கு அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்தக் குடியிருப்பில் ஒருத்தரையும் நம்ப முடியவில்லை.

6.10. நாற்பது அடி.

ஜனவரி 23

சகுந்தலா போன் செய்தாள். ரோஜாவைக் கேட்டாள், என் இரத்தக் கொதிப்பைக் கேட்டாள். செவனம்மா விஷயத்தைச் சொன்னேன். "பொழுது போகலைன்னா டிவி பாருங்க, ஏன் ஊர்ல இருக்கறவங்க மேல கண்ணு வெக்கறீங்க" என்றாள். அவளுக்கு ஆதாரத்தின் அருமை தெரியாது.

ஓய்வு பெற்றோர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். 'காட்டிலிருந்து கொட்டகைக்கு' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். இன்று நாலு பக்கம் ஓடியது. முக்கியமானதை மட்டும் இங்கேயும் குறித்து வைக்கிறேன்.

இன்று உலகத்தில் உள்ள நாட்டு மாடு, சீமை மாடு எல்லாவற்றுக்கும் மூதாதை ஆதிக் காட்டெருது. ஆள் உயரம், ஒன்றரை முழக் கொம்பு, முன்கோபம். இன்று அது ஒன்றுகூட இல்லை. கடைசிப் பசு நானூறு வருடத்துக்கு முன் போலந்து நாட்டுக் காட்டில் செத்தது. அதை மனிதன் பழக்கியது இரண்டு இடத்தில்: மேற்கே பத்தாயிரம் வருடத்துக்கு முன், திமில் இல்லாத வகை, சிந்துப் பக்கம் எட்டாயிரம் வருடத்துக்கு முன், நம் திமில் வகை. மேற்கே பழகியது மொத்தம் எண்பது பசுக்கள் அளவுதான் இருக்கும் என்று மரபணு பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு தெருவுக்குக் காணாது. அதிலிருந்து அத்தனை கோடி.

எப்படிப் பழக்கினான் என்பதற்குச் சாட்சி யாரும் இல்லை. கயிறு போட்டுப் பிடித்திருப்பான் என்பது பள்ளிக்கூடப் பாடம். என் கருத்து வேறு. அந்த உடம்பைக் கயிறு தாங்காது. உப்புக்கு வந்திருக்கும். மனிதன் இருக்கிற இடத்தில் சாம்பல் இருக்கும், மூத்திரம் இருக்கும், உப்பு இருக்கும். புல் மட்டும் தின்னும் மிருகத்துக்கு உப்பு என்றால் உயிர். இன்றைக்கும் வடகிழக்கு மலைகளில் மிதுன் என்று ஒரு மாடு, நம் காட்டுமாட்டின் நெருங்கிய சொந்தம், காட்டிலேயே திரிகிறது. கட்டுவதில்லை, கறப்பதில்லை. சொந்தக்காரன் கையில் உப்பை வைத்துக்கொண்டு கூப்பிட்டால் வந்து நக்கிவிட்டுப் போகும். அவ்வளவுதான் பழக்கம் என்பது. பழகப் பழக மூளை சிறுத்துவிடும், பயம் கரைந்துவிடும். பிறகு போகச் சொன்னாலும் போகாது.

நன்றாக வந்திருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் 'காட்டெருமை' என்று எழுதுவதைக் கண்டித்தும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அது எருமையே இல்லை, மாட்டு வகை. சொன்னால் யார் கேட்கிறார்கள்.

ஜனவரி 24

6.00. இருபத்தெட்டு அடி. வேலிக்குள் வந்துவிட்டது. ரோஜாப் பாத்தியின் அந்தக் கோடியில் தலையைக் குனிந்து மண்ணை மோந்துகொண்டிருந்தது. கொட்டகைப் பக்கத்துக் காற்று அப்படித்தான் அடிக்கிறது, பவுனுவின் வாடை பிடிக்கிறது போலும்.

நான் ஜன்னலில் இருப்பது அதற்குத் தெரியும். காது இந்தப் பக்கம் திரும்பியது. உடம்பு எடை ஒரு டன்னுக்குக் குறையாது, ஆனால் காலை எடுத்து வைக்கும்போது சத்தமே இல்லை. தோலுக்கு எண்ணெய் தடவியதுபோல மினுமினுப்பு. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு உடம்பை நான் தொட்டதில்லை. அரசாங்கம் வளர்த்த பொலிகாளை எல்லாம் இதன் முன்னால் நோஞ்சான்.

ரோஜாவுக்கு இரண்டு கை, ஜன்னல் பக்கம் ஒரு கை.

ஜனவரி 28

நேற்று பஸ் நிறுத்தத்து வளைவில் ஒற்றையன் நடு ரோட்டில் நின்றிருக்கிறது. பைக்கில் வந்தவர் பயந்து விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. இன்று சங்கத்தார் கூட்டம் போட்டார்கள், வனவர் போஜராஜ் வந்தார். இந்தப் பக்கத்துப் படகர் இனத்துக்காரர், அளவாகப் பேசுகிறவர்.

"மெரண்ட காட்டுமாடு ஓடிரும் சார். பழகுனதுதான் ஆபத்து, அது கிட்ட வரும்" என்றார். யார் தீனி போடுகிறார்கள் என்று தெரிந்தால் வழக்குப் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டை எடுத்துத் தேதிவாரியாக வாசித்தேன். உப்பு, எரு போன்ற வீட்டு விவகாரங்களை விட்டுவிட்டேன், அவர்களுக்கு எதற்கு. பொங்கல் படத்தைக் காட்டினேன். சினைக் கணக்கைச் சொன்னேன்.

தீனி போட்டதாக வழக்குப் போட அந்தப் படம் போதாது என்றார் போஜராஜ். ஆனால் மாடுதான் காரணம் என்று துறை அனுபவம் உள்ளவர் எழுதிக் கொடுத்தால், மாட்டை அப்புறப்படுத்த உத்தரவு வாங்கலாம். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி பசுவினால் ஈர்க்கப்பட்டே மேற்படி காட்டுமாடு குடியிருப்புக்குள் வருகிறது என்று என் அனுபவத்தில் உறுதியாகக் கூறுகிறேன்.' கையெழுத்து, பதவி, அடைப்புக்குள் ஓய்வு.

செவனம்மா கூட்டத்துக்கு வரவில்லை, தேயிலை எடை போடும் நேரம்.

பிப்ரவரி 3

உத்தரவு வந்துவிட்டது. 28ஆம் தேதிக்குள் மாடு கல்மட்டத்தை விட்டுப் போக வேண்டும். செவனம்மாவுக்கு வேறு இடத்தில் கொட்டகை கிடையாது. விற்கத்தான் வேண்டும். இவ்வளவு அவசரத்தில் விற்கும் மாட்டைக் கேரளத்து லாரிக்காரர்கள்தான் வாங்குவார்கள். அவர்கள் எதற்கு வாங்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

வந்து சண்டை போடுவாள் என்று கதவைத் தாழ்போட்டு வைத்திருந்தேன். வரவில்லை. இதுவும் ஒரு தந்திரமாக இருக்கலாம்.

பிப்ரவரி 5

5.55. பதினைந்து அடி. கடுங்குளிர், புல்லெல்லாம் உறைபனி. ஒற்றையன் முதுகிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஜன்னல் பக்கம் ஒரு கை.

நான் இப்போது ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறேன். அலாரம் வைப்பதில்லை.

பிப்ரவரி 9

மதியம் இரண்டு மணிக்குச் செவனம்மா ஓடிவந்தாள். பவுனுவுக்குப் பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் கன்று வரவில்லை. மாட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் புது டாக்டர் ஊட்டிக்குப் போயிருக்கிறார், போனை எடுக்கவில்லை. சொல்லிவிட்டு வாசலில் நின்றாள். நான் சட்டையைக் கழற்றிவிட்டுப் போனேன்.

ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே வந்திருந்தது, மற்றது உள்ளே மடங்கிக் கிடந்தது. கைக்குச் சோப்புப் போட்டு உள்ளே விட்டுத் தேடினேன். மாடு முக்கும்போது எலும்பு நொறுங்குகிறதுபோல இருக்கும், அப்போது கையை அசைக்கக் கூடாது, பொறுக்க வேண்டும். குளம்பை உள்ளங்கையால் மூடி, கர்ப்பப்பை கிழியாமல் மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். இருபது நிமிடம் ஆனது. அப்புறம் இருவரும் சேர்ந்து இழுத்தோம். கன்று சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூக்கைத் துடைத்துவிட்டு வைக்கோலால் தேய்த்ததும் தும்மியது. கிடாரிக் கன்று.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குனிந்தபடி வேலை பார்த்த களைப்பு.

உடனே கன்றைப் பார்த்தேன், அதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். குழிந்த நெற்றி, மானைப் போன்ற கண், மூக்கைச் சுற்றி வெளுத்த வளையம். ஜெர்சி. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஜெர்சி. காட்டின் ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். வீட்டுக்குள் போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து அதிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். சினை ஊசிச் சீட்டு. மே 4, காளை எண், ஊசி போட்டவர் கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தது. இதை ஏன் முன்பே காட்டவில்லை என்றேன்.

"நீங்க கேக்கலயே டாக்டரய்யா" என்றாள்.

பிப்ரவரி 11

செவனம்மா சீம்பால் கொண்டுவந்தாள், வெல்லமும் ஏலமும் போட்டு ஆவியில் வேகவைத்தது. 28ஆம் தேதி நெருங்குகிறது, என்னை இளக்கப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். பாத்திரத்தைத் திருப்பி வாங்க நின்றபோது ரோஜாப் பாத்தியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மண் அள்ளியது இவள்தானோ.

சீம்பாலைச் சாப்பிட்டுவிட்டேன். உணவை வீணாக்கக் கூடாது.

பிப்ரவரி 13

சினை ஊசியால் பிடித்ததாகவே இருக்கட்டும். அதனால் காட்டுமாடு பசுவுக்காக வரவில்லை என்று ஆகிவிடாது. எழுதிக் கொடுத்தது சரிதான்.

5.50. ஏழு அடி. மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. பச்சைப் புல்லும் ஈரமண்ணும் கலந்த வாசனை. ஜன்னல் பக்கம் இரண்டு கை.

பிப்ரவரி 16

5.50. ரோஜாப் பாத்தியில் மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. நக்கிய இடம் கிண்ணம்போலக் குழிந்துவிட்டது. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

பிப்ரவரி 17

பல காரணங்கள் இல்லை.

மலருக்கு எழுதிய கட்டுரையை எடுத்து மறுபடி வாசித்தேன். உப்பைப் பற்றிய பத்தியில் நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் செவனம்மா வீட்டுக்குப் போனேன். பால் கறந்துகொண்டிருந்தாள், கன்று அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் மாட்டின் மடியைப் பற்றிக் கேட்டேன். பிறகு ஒருவழியாக, அந்த ஒற்றையன் எதற்காக வருகிறது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் கறப்பதை நிறுத்தவில்லை.

"வந்த நாள்லேருந்து இருட்டோட வந்து ஒங்க ரோசாச் செடிக்கு அடியிலதான் நக்குது. இந்தப் பக்கம் அது திரும்பினதே இல்ல டாக்டரய்யா. பவுனு சுவத்த நக்கும், அது ஒங்க மண்ண நக்கும். ரெண்டுக்கும் ஒரே பசி."

அப்படியென்றால் பொங்கலன்று இலையை ஏன் வைத்தாய் என்று கேட்டேன். வருஷத்துக்கு ஒருநாள் வைப்பதுதானாம், காட்டில் இருக்கும் மாடும் மாடுதானே என்றாள்.

பத்து மாதம் வாயைத் திறக்கவில்லையே என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் பால் செம்பை இறக்கிவைத்துவிட்டு எழுந்தாள்.

"தீனி போட்டா கேசுன்னு வனவரு சொன்னாராம். நீங்க தெரியாம செய்றீங்க. அம்மாவும் ஊர்ல இல்ல. இந்த வயசுல ஒங்கள இழுத்துக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? உத்தரவு வந்தப்ப சொல்லலாம்னுதான் நெனச்சேன். அன்னிக்கு ஜன்னல்ல ஒங்கள பாத்தேன். அது நக்குறத நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க. மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசம். எனக்குச் சொல்ல வாய் வரல."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. நான் உளவு பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். என்னை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் இரக்கத்தோடு. வெட்கமாக இருக்கிறது. இதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 18

முதல் பஸ்ஸில் கோத்தகிரிக்குப் போய் போஜராஜைப் பார்த்தேன். காரணம் பசு இல்லை, என் தோட்டத்தில் போட்ட தாது உப்பு, நான் எழுதிக் கொடுத்தது தவறு என்று சொன்னேன். அவர் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"அந்தம்மாவுக்காகப் பேசுறீங்க, தெரியுது. பிரசவம் பாத்தீங்களாமே, மனசு இளகிரும்தான். ஆனா ஆபீசுல ஒங்க கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கு சார். அப்ப அனுபவத்துல உறுதின்னு எழுதினீங்க. இப்ப வாயால வந்து மாத்திச் சொன்னா நான் எதை நம்புறது?"

வாயால் சொல்வதை நம்ப முடியாதாம். வாழ்நாள் முழுவதும் நான் மற்றவர்களுக்குச் சொன்ன வார்த்தை அது. டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

கிளம்பும்போது, உப்புதான் காரணம் என்று நிரூபணம் ஆனால் அந்த மாட்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, வெடி போட்டு மேல்காட்டுக்கு விரட்டுவார்களாம். அப்படியும் திரும்பத் திரும்ப வந்தால் மயக்க ஊசி போட்டுப் பிடித்து வேறு காட்டில் விட வேண்டும். இந்த அளவு ஆண் பெரும்பாலும் லாரியிலேயே செத்துவிடும் என்றார்.

பிப்ரவரி 20

மூன்று நாளாக எதுவும் தூவவில்லை. நேற்று பாத்தியை இரண்டடி ஆழத்துக்கு நானே தோண்டி, மண்ணைச் சாக்கில் கட்டிவைத்தேன். ரோஜாக்கள் போய்விட்டன. சகுந்தலாவிடம் என்ன சொல்வது என்று பிறகு யோசிக்க வேண்டும்.

5.50. வந்தது. குழிக்குள் முகத்தை விட்டு மோந்தது. பிறகு நிமிர்ந்து நேராக ஜன்னலுக்கு வந்தது. சிமெண்டுத் தளத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நக்கியது. நாக்கு சிமெண்டில் உரசும் சத்தம் அரம் தேய்ப்பதுபோல இருந்தது. அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. இரண்டடி. நடுவில் கண்ணாடி மட்டும். அதன் மூச்சில் கண்ணாடி மங்கியது, தெளிந்தது, மங்கியது.

அரை மணி நேரம் நின்றது. கோபம் இல்லை. எனக்குத் தாமதமாகிறது என்று நினைத்துக் காத்திருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 22

லாரிக்காரர் வந்து பவுனுவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். 27ஆம் தேதி வருவதாகச் சொல்லிப் போனார். கன்று வேண்டாமாம். செவனம்மா இன்று தேயிலைக்குப் போகவில்லை. கொட்டகைக்குள்ளேயே மாட்டின் மேல் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மிச்சமிருந்த முக்கால் மூட்டை தாது உப்பையும் என்ன செய்வது என்று தெரியவில்லை. காலாவதியானது. விதிப்படி தவறு. கால் மூட்டையைக் கொண்டுபோய் அவள் கொட்டகைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தேன். பவுனு முகத்தை எடுக்கவில்லை.

பிப்ரவரி 24

நாளைக் காலை போஜராஜ் ஜீப்பில் வருகிறார். எழுத்தில் ஆதாரம் இருந்தால் பசுவின் மீதான உத்தரவை ரத்து செய்யச் சொல்லி எழுதுவதாகப் போனில் ஒத்துக்கொண்டார். எழுத்தில் இருக்கிறது என்று சொன்னேன். இந்த நோட்டைத்தான் கொடுக்கப் போகிறேன். செவனம்மாவைப் பிடிப்பதற்காக ஆரம்பித்தது, தேதியும் நேரமும் தூரமும் ஒழுங்காக இருக்கிறது. இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஒற்றையன் இன்றும் வந்தது. அதையும் நான் காட்டிக்கொடுக்கிறேன். வெடிச் சத்தத்துக்கு ஓடிவிட வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டேன். காலையில் மூன்று முறை தகரத்தைத் தட்டிப் பார்த்தேன், கையை வீசினேன், கத்தினேன். காதை மட்டும் ஆட்டியது.

சிவப்புப் பேனாவால் உப்பு தூவிய இடங்களை எல்லாம் அடிக்கோடிட்டுவிட்டேன். செடிக்கு எரு என்று நினைத்துத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் வழக்கு வராது, எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று போஜராஜே சொன்னார். செவனம்மாவும் அப்படித்தான் சொல்லச் சொல்கிறாள். ஜனவரி 7 அன்று எழுதியதற்கு அது உண்மையும்கூட.

ஆனால் ஜனவரி 24, பிப்ரவரி 5, பிப்ரவரி 13: ஜன்னல் பக்கம் ஒரு கை, ஒரு கை, இரண்டு கை. அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துவிடலாமா என்று இன்று முழுவதும் யோசித்தேன். கிழிக்கவில்லை. அங்கேயும் கோடு போட்டிருக்கிறேன், இரண்டு கோடு. வனவர் கவனமானவர், வந்ததும் ஜன்னல் பக்கம் போய்ப் பார்ப்பார். அங்கே வெறும் சிமெண்டுத் தளம்தான் இருக்கிறது. ஒரு செடிகூடக் கிடையாது.